பலி கொடுத்த பிறகு எதிராளிக்கு எத்தனை வழி?

கேள்வி இது: "சதுரங்கத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் ராணியையே பலி கொடுத்துவிட்டு, எதிராளிக்கு மூச்சுவிட நேரம் தராமல் செக் மேல் செக் வைத்து ஜெயிக்கிறார்கள். நானும் பலி கொடுத்துப் பார்க்கிறேன். மூன்றாவது நகர்த்தலில் எதிராளி எப்படியோ தப்பித்துவிடுகிறார், நான் ஒரு காய் குறைவாக நிற்கிறேன். அத்தனை நகர்த்தலை முன்கூட்டியே எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அதற்கென்று தனி மூளை வேண்டுமா?"

தனி மூளை வேண்டாம். ஆனால் எண்ண வேண்டியதை விட்டுவிட்டு வேறு எதையோ எண்ணுகிறீர்கள் என்று தோன்றுகிறது. "நான் இங்கே வைப்பேன், அப்புறம் இங்கே, அப்புறம் மேட்" என்று உங்கள் நகர்த்தல்களை எண்ணியிருப்பீர்கள். எண்ண வேண்டியது எதிராளியின் பதில்களை. ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் சட்டப்படி அவரால் எத்தனை விதமாக ஆட முடியும்? இந்த ஒரு எண் கையில் இருந்தால் நீளம் பெரிய விஷயமே இல்லை.

கணக்காகவே பார்க்கலாம். நடு ஆட்டத்தில் ஒருவருக்குச் சுமார் 30 நகர்த்தல்கள் சாத்தியம் என்று வையுங்கள். நீங்கள் ஒன்று, அவர் ஒன்று என்றாலே 900 நிலைகள். இரண்டிரண்டு என்றால் 8,10,000. இதை மனிதர் யாரும் பார்ப்பதில்லை, உலக சாம்பியனும் பார்ப்பதில்லை. ஆனால் செக் வைத்துவிட்டால், அதாவது ராஜாவையே தாக்கிவிட்டால், நிலைமை வேறு. (தப்ப வழியே இல்லாத செக்தான் மேட்.) செக்கிலிருந்து தப்ப மூன்றே வழிகள்: ராஜாவை நகர்த்துவது, குறுக்கே காய் வைப்பது, செக் வைத்த காயை வெட்டுவது. பெரும்பாலும் அந்த முப்பது இரண்டாகவோ ஒன்றாகவோ சுருங்கிவிடும். பதில் ஒன்றே ஒன்று என்றால் எட்டு நகர்த்தல் ஆழம் என்பது கிளைகள் விரிந்த மரம் இல்லை, ஒரு கயிறு. கயிறு எவ்வளவு நீளமாக இருந்தாலும் பிடித்துக்கொண்டே போகலாம்.

நெதர்லாந்தின் உளவியலாளர் அட்ரியான் டி குரூட் 1940களில் சதுரங்க வீரர்களை ஒரு நிலையின் முன் உட்காரவைத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். உச்சத்தில் இருந்தவர்கள் மற்ற நல்ல ஆட்டக்காரர்களைவிட மிக ஆழமாகக் கணக்கிடவில்லை. எந்த நகர்த்தலைப் பார்ப்பது பயன்தரும் என்பது அவர்களுக்குச் சீக்கிரமே தெரிந்தது, அவ்வளவுதான். உங்கள் "தனி மூளை" சந்தேகத்துக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

மேலே போவதற்கு முன் பெயர்களைச் சரிசெய்துகொள்வோம். சில வீடுகளில் ராணியை மந்திரி என்பார்கள், சில வீடுகளில் பிஷப்பை மந்திரி என்பார்கள். இங்கே ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்றே எழுதுகிறேன். கட்டங்கள் வழக்கம்போல, வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால், இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை. பலகை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு படித்தால் நல்லது. இல்லாவிட்டால் பாதி தலைக்கு மேல் போய்விடும்.

இப்போது அந்தக் கயிறு எப்படி இருக்கும் என்று பாருங்கள். 1912, லண்டன். வெள்ளை எட்வர்ட் லாஸ்கர். (உலக சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கர் வேறு, இருவரையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு.) கறுப்பு ஜார்ஜ் தாமஸ், பேட்மிண்டனில் ஆல் இங்கிலாந்து பட்டங்கள் வென்ற மனிதர். போட்டி ஆட்டம்கூட இல்லை, சும்மா ஆடியது. பத்து நகர்த்தல்கள் முடிந்தபோது நிலை இது.

வெள்ளை: ராஜா இ1, ராணி எச்5, யானைகள் ஏ1, எச்1, பிஷப் டி3, குதிரைகள் இ4, இ5, சிப்பாய்கள் ஏ2, பி2, சி2, டி4, எஃப்2, ஜி2, எச்2.

கறுப்பு: ராஜா ஜி8, ராணி இ7, யானைகள் ஏ8, எஃப்8, பிஷப்புகள் பி7, எஃப்6, குதிரை பி8, சிப்பாய்கள் ஏ7, பி6, சி7, டி7, இ6, ஜி7, எச்7.

காய்க் கணக்கு சமம். வெள்ளை ஆட வேண்டும். லாஸ்கர் ராணியால் எச்7 சிப்பாயை வெட்டி செக் வைத்தார். ராணியைப் பாதுகாக்க அங்கே எதுவும் இல்லை. டி3 பிஷப்பின் பாதையை அவருடைய சொந்தக் குதிரையே இ4இல் மறித்துக்கொண்டு நிற்கிறது. தாமஸுக்கு ஒரே பதில்: ராஜாவால் ராணியை வெட்டுவது. ஒன்று.

அடுத்து இ4 குதிரை எஃப்6 பிஷப்பை வெட்டுகிறது. குதிரை விலகியதும் டி3 பிஷப்பின் பாதை திறக்கிறது. குதிரையும் செக், பிஷப்பும் செக், டபுள் செக். இதற்குக் குறுக்கே காய் வைக்கவோ வெட்டித் தப்பவோ முடியாது, ராஜா நகர்ந்தே ஆக வேண்டும். எச்8, எச்6 என்று இரண்டு இடங்கள். எச்8 போனால் இ5 குதிரை ஜி6க்கு வந்து உடனே மேட். ஆகவே எச்6.

இ5 குதிரை ஜி4க்கு வந்து செக். ராஜாவுக்கு ஜி5 மட்டும். எச் சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்து எச்4, செக். எஃப்4 மட்டும். ஜி சிப்பாய் ஜி3, செக். எஃப்3 மட்டும். பிஷப் இ2, செக். ஜி2 மட்டும். யானை எச்2, செக். ஜி1 மட்டும். கறுப்பு ராஜா தன் வீட்டிலிருந்து புறப்பட்டு வெள்ளையின் முதல் வரிசைக்கே வந்துவிட்டது. கடைசியாக வெள்ளை ராஜா இ1இலிருந்து டி2க்கு ஒதுங்குகிறது. பின்னால் ஏ1 யானையின் வரிசை திறக்கிறது. மேட். இதே நிலையில் ராணிப் பக்கம் கோட்டை கட்டினாலும் (ராஜா யானையை நோக்கி இரண்டு கட்டம் நகர, யானை அதைத் தாண்டி மறுபக்கம் வந்து நிற்பது) மேட்தான். கோட்டை கட்டியே ஒருவரை வீழ்த்துவது எத்தனை பேருக்கு வாய்க்கும்! லாஸ்கர் ஏன் அதை விட்டார் என்று எனக்கு இன்றும் ஒரு சின்ன வருத்தம்.

எண்ணிப் பாருங்கள். ராணிப் பலிக்குப் பிறகு தாமஸ் ஏழு முறை பதில் ஆடினார். அதில் ஒரே ஒரு இடத்தில்தான் அவருக்கு இரண்டு வழிகள், அதிலும் ஒன்று உடனே மேட். மற்ற ஆறும் ஒற்றை வழி. எட்டு நகர்த்தல் முன்னால் பார்த்தார் என்று சொன்னால் மாயம் போலத் தெரியும். ஒற்றையடிப் பாதையில் எட்டு அடி நடந்தார் என்பதே சரி.

அப்படியானால் இந்த ஆட்டத்தில் கஷ்டமான இடம் எது? முதல் அடி. என் பார்வையில் அதிலும் குறிப்பாக, வரிசை. கறுப்பு எச்7 சிப்பாயைக் குறிவைத்து ராணியும் பிஷப்பும் நிற்கும்போது, முதலில் குதிரையால் எஃப்6 பிஷப்பை வெட்டி, செக்கும் வைத்து, பிறகு எச்7இல் மேட் கொடுக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். பலி எதுவும் இல்லாத, சுத்தமான யோசனை மாதிரி இருக்கும். ஆனால் அப்படி ஆடினால் ஜி7 சிப்பாய் குதிரையை வெட்டும். அது விலகியதும் ஏழாவது வரிசை திறந்து, இ7இல் இருக்கும் கறுப்பு ராணி எச்7 வரை காவல் காக்கத் தொடங்கிவிடும். தாக்குதல் அங்கேயே முடிந்தது. இ5 குதிரையும் சிப்பாயின் வாயில். ராணியை முதலில் கொடுத்தால் ராஜா எச்7க்கு வந்துவிடுகிறது. இப்போது அதே குதிரை நகர்த்தல் டபுள் செக் ஆகிறது, ஜி7 சிப்பாயால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டே நகர்த்தல்கள், அதே காய்கள். வரிசை மாறினால் ஜெயிப்பவர் மாறிவிடுகிறார். ஒரு தாக்குதல் "கொஞ்சத்தில் கைதவறுகிறது" என்று தோன்றும்போதெல்லாம் வரிசையைப் புரட்டிப் பாருங்கள். இரண்டாவதாக வைக்க நினைத்ததை முதலில் வைத்தால் என்ன? நான் ஜெயித்த நல்ல ஆட்டங்களில் பாதிக்குமேல் இந்தக் கேள்வியால் கிடைத்தவை.

சரி, உங்கள் "மூன்றாவது நகர்த்தல்" விஷயத்துக்கு வருவோம். எந்தப் பலி கொடுத்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் பழகுகிறவர்கள் முதலில் கற்றுக்கொண்டு, முதலில் தோற்கும் பலி எது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதில்தான் தோற்றேன். டி3 பிஷப் எச்7 சிப்பாயை வெட்டி செக், ராஜா பிஷப்பை வெட்டும், எஃப்3 குதிரை ஜி5க்கு வந்து செக், ராஜா ஜி8க்குத் திரும்பும், ராணி எச்5. அடுத்து எச்7இல் மேட். 17ஆம் நூற்றாண்டு இத்தாலியர் கிரெகோவின் குறிப்புகளிலேயே இருக்கும் பழைய தாக்குதல் இது.

பல வருடம் முன்பு ஒரு போட்டியில் இதை ஆடினேன். பிஷப்பைக் கொடுக்கும்போது கை நடுங்கியது, அவ்வளவு பெருமை. ராணியை எச்5இல் வைத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது எதிராளியின் சி8 பிஷப் எஃப்5இல் நின்றது. அங்கிருந்து எச்7க்கு நேர் பாதை. மேட் இல்லை, செக்கும் இல்லை, போனது என் பிஷப் மட்டும். மீதி ஆட்டம் சொல்லும்படியாக இல்லை.

எங்கே தவறினேன்? முதல் இரண்டும் செக். எதிராளிக்கு வழிகள் குறைவு. மூன்றாவதான ராணி எச்5 செக் அல்ல, மிரட்டல். அந்த நொடியில் அவருடைய முப்பது நகர்த்தல்களும் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன. நான் அவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. ஒற்றையடிப் பாதை அகன்று மைதானமாகும் இடம் அது. தாக்குதல்கள் உடைவதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான். ஆகவே கணக்கிடும்போது இரண்டு செக்குகளை ஓட்டமாகக் கடந்துவிடுங்கள். செக் இல்லாத முதல் நகர்த்தலில் நில்லுங்கள். உங்கள் நேரத்தில் பெரும்பங்கை அங்கே செலவிடுங்கள். மேட் விழப்போகும் கட்டத்தை எந்தக் காயாலாவது காக்க முடியுமா? எஃப்5க்குப் பிஷப் வருமா, எஃப்6க்குக் குதிரை வருமா, டி3க்கு ராணி வருமா? எதிராளியே எனக்குச் செக் வைத்து நேரம் சம்பாதிப்பாரா? இந்தப் பலியில் இன்னொரு கண்ணியும் உண்டு: குதிரை ஜி5இல் செக் வைத்ததும் ராஜா ஜி8க்குத் திரும்பியே ஆக வேண்டும் என்றில்லை. ஜி6க்கு முன்னேறி வரலாம். பாதிப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை. ராஜா வெளியே வருமா என்று நினைத்துக்கொள்கிறார்கள். வரும். பல நிலைகளில் அதுதான் சரியான பதிலும்.

செக் இல்லாத நகர்த்தல் எல்லாமே பலவீனம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. சில சமயம் அதுதான் தாக்குதலின் உயிர். 1858இல் பாரிஸ் ஓபரா அரங்கில் பால் மார்ஃபி, பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார் பிரபுவும் சேர்ந்து ஆடியதற்கு எதிராக ஆடிய ஆட்டம் பலருக்குத் தெரிந்திருக்கும். டி7இல் ஒரு யானையைக் கொடுத்துவிட்டு, அடுத்த யானையை எச்1இலிருந்து டி1க்குச் சத்தமில்லாமல் கொண்டுவந்து வைத்தார். செக் இல்லை, வெட்டு இல்லை. ஆனால் டி7இல் நின்ற கறுப்பு யானை பி5 பிஷப்பால் ராஜாவோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது (அது விலகினால் பின்னால் நிற்கும் ராஜா தாக்குதலுக்கு ஆளாகும்); எஃப்6 குதிரையை ஜி5 பிஷப் ராணியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. எஃப்8 பிஷப்பும் எச்8 யானையும் பிறந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. சட்டப்படி எதிராளிகளுக்கு நிறைய நகர்த்தல்கள் இருந்தன, உதவக்கூடியது ஒன்றும் இல்லை. மூன்று நகர்த்தல் கழித்து ராணியை பி8இல் கொடுத்து, டி8இல் யானையால் மேட். பலகையில் மார்ஃபியிடம் எஞ்சிய பெரிய காய்கள் அந்த யானையும் ஜி5 பிஷப்பும் மட்டும்.

ஃபிராங்க் மார்ஷல் 1912இல் பிரெஸ்லாவில் லெவிட்ஸ்கிக்கு எதிராக ஆடியது இதைவிடத் துணிச்சல். ராணியை ஜி3இல், மூன்று காய்கள் வெட்டக்கூடிய இடத்தில், கொண்டுபோய் வைத்தார். எச் சிப்பாய் வெட்டினால் குதிரை இ2இல் மேட். எஃப் சிப்பாய் வெட்டினால் குதிரை இ2இல் செக், ராஜா மூலைக்குப் போனதும் யானை எஃப்1இல் வெட்டி மேட். ராணியால் வெட்டினால் குதிரை செக்கோடு ராணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஒரு காய் லாபத்தில் நிற்கும். வெட்டாமல் விட்டால் எச்2இல் மேட் மிரட்டல். லெவிட்ஸ்கி விட்டுக்கொடுத்தார். இங்கேயும் மார்ஷல் செய்தது அதே வேலைதான்: எதிராளியின் பதில்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு விடை வைத்திருந்தார்.

இன்னொன்று: எதிராளி உங்கள் பலியை வாங்கியே ஆக வேண்டுமா? செக்கோடு கொடுக்கும் பலியில் பெரும்பாலும் வேறு வழி இருக்காது. செக் இல்லாத பலியை அவர் கண்டுகொள்ளாமலேயே விடலாம். 1999இல் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீயில் உலக சாம்பியன் காஸ்பரோவ் டோபலோவை வென்ற ஆட்டத்தை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், நானும்தான். காஸ்பரோவ் 24ஆவது நகர்த்தலில் யானையால் டி4இல் வெட்டிப் பலி கொடுத்தார். டோபலோவ் அதை எடுத்தார். பிறகு அவருடைய ராஜா பலகையைக் குறுக்காகக் கடந்து டி1 வரை ஓடியது. ஆனால் அந்த யானையை எடுக்காமல் ராஜாவை பி6க்கு நகர்த்தியிருந்தால் அந்த அழகு எதுவும் பலகைக்கு வந்திருக்காது, ஆட்டமும் தாக்குப்பிடித்திருக்கும். காஸ்பரோவ் செய்தது தவறு என்று சொல்லவில்லை. அது பந்தயம். லாஸ்கர் ஆடியது கணக்கு. இரண்டுமே சதுரங்கம்தான், ஆனால் நீங்கள் ஆடப்போவது எது என்று கையை நீட்டும் முன் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பந்தயம் கட்டுகிறவருக்கு ஒரு காப்பு உண்டு: கையில் டிரா இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது. இதற்கு மிக நல்ல உதாரணம், 1497இல் ஸ்பெயினில் அச்சான லூசேனாவின் நூலிலேயே வரும் பழைய குதிரை மேட். வெள்ளை ராணி சி4, குதிரை ஜி5. கறுப்பு ராஜா ஜி8, சிப்பாய்கள் ஜி7, எச்7, எஃப்7 காலி, யானை டி8, ராணி எங்கோ தொலைவில் பி2. ராணி செக் வைத்திருக்கிறது. ராஜா எஃப்8 போனால் எஃப்7இல் ராணி மேட். யானையை டி5இல் குறுக்கே வைத்தால் ராணி அதை வெட்டி மறுபடி செக். ஆகவே ராஜா எச்8. குதிரை எஃப்7 செக், ராஜா ஜி8. குதிரை எச்6, டபுள் செக். ராஜா எஃப்8 போனால் மறுபடியும் எஃப்7இல் மேட், ஆகவே எச்8.

இந்த இடத்தில் நில்லுங்கள். இங்கே வெள்ளை விரும்பினால் குதிரையை எஃப்7, எச்6 என்று போய்வரச் செய்து செக் வைத்துக்கொண்டே இருக்கலாம். ராஜாவும் போய்வந்துகொண்டே இருக்கும். மூன்று முறை அதே நிலை வந்தால் டிரா. அதாவது வெள்ளை இதுவரை எதையும் பணயம் வைக்கவில்லை. உட்கார்ந்து நிதானமாக யோசிக்கலாம். யோசித்தால் தெரியும்: ராணி ஜி8இல் செக். எச்6 குதிரை காப்பதால் ராஜா வெட்ட முடியாது, யானைதான் வெட்ட வேண்டும். வெட்டியதும் ராஜாவின் கடைசிக் காலி கட்டத்தில் அதன் சொந்த யானையே உட்கார்ந்துவிட்டது. குதிரை எஃப்7. மேட். சொந்தக் காய்களுக்கு நடுவே நெரிபட்டுப் போகிறது ராஜா. உங்கள் ஆட்டங்களிலும் இப்படி "தொடர் செக் கையில் இருக்கிறது" என்று தெரிந்தால் பலியைத் துணிந்து கொடுங்கள். முழுக் கணக்கும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வழியில் ஒன்று அகப்படும்.

எப்போது தேட ஆரம்பிப்பது என்பது அடுத்த சிக்கல். புதிர்களில் இது எழாது. புதிர் என்று பெயர் போட்டாலே "இங்கே ஏதோ இருக்கிறது" என்று யாரோ தோளைத் தட்டிச் சொன்ன மாதிரி. ஆட்டத்தில் யாரும் தட்டமாட்டார்கள். ஆகவே நீங்களே சில வாசனைகளுக்குப் பழகிக்கொள்ள வேண்டும். ராஜாவுக்கு ஓடும் கட்டம் ஒன்றோ இரண்டோதான். அதன் முன் சிப்பாய்களில் ஒன்று நகர்ந்திருக்கிறது அல்லது காணோம். காவல் காத்த குதிரை எஃப்6இலிருந்து போய்விட்டது. எதிராளியின் ராணியும் யானையும் மறுபக்கம் சிப்பாய் வேட்டையில் இருக்கின்றன. இவற்றோடு ஒரு கூட்டல்: ராஜாவைச் சுற்றி உங்கள் காய்கள் எத்தனை, அவருடையவை எத்தனை. ஆனால் உங்களிடம் அங்கே ராணி ஒன்று மட்டும் இருந்தால் தேடாதீர்கள். தனி ராணி செக் வைக்கும், மேட் வைக்காது. லாஸ்கர் ஆட்டத்தை மறுபடி பாருங்கள்: ராணி போன பிறகும் இரண்டு குதிரைகள், பிஷப், இரண்டு சிப்பாய்கள், இரண்டு யானைகள், கடைசியில் ராஜாவும் வேலை செய்தன. உங்கள் பலிகள் தோற்பதற்குக் கணக்குப் பிழை காரணமாகவே இருக்காமல், காய்கள் வந்துசேர்வதற்கு முன் விருந்தை ஆரம்பித்துவிட்டதும் காரணமாக இருக்கலாம்.

அந்த வாசனை எங்கிருந்து வருகிறது? பார்த்த ஆட்டங்களிலிருந்து. 1907இல் லோட்ஸ் நகரில் ரூபின்ஸ்டைன் கறுப்புக் காய்களோடு ரோட்லெவியை வீழ்த்திய ஆட்டத்தில் அவருடைய இரண்டு பிஷப்புகளும் பக்கத்துப் பக்கத்து மூலைவிட்டங்களில் வெள்ளை ராஜாவைப் பார்த்து நின்றன. 106 ஆண்டுகள் கழித்து 2013இல் வைக் ஆன் ஸீயில் விஸ்வநாதன் ஆனந்தும் கறுப்போடு அரோனியனை 23 நகர்த்தலில் வென்றார். பி7, சி5 பிஷப்புகள் அதே மாதிரி குறிவைத்திருக்க, குதிரையை இ5க்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், ஒரே குடும்பச் சாயல் தெரியும். ஆனந்த் அந்த நிலையை வெறும் மூளைவேகத்தால் எட்டவில்லை. அவருக்குள் அந்தப் பழைய ஆட்டங்கள் இருந்தன.

ஆகவே பயிற்சி. இரண்டு நகர்த்தலில் மேட், மூன்று நகர்த்தலில் மேட் புதிர்களைத் தினம் பத்து போடுங்கள். நூறு வேண்டாம். கையால் காய் நகர்த்தாமல் தலைக்குள் ஆடுங்கள். முதலில் எல்லாச் செக்குகளையும் பாருங்கள், முட்டாள்தனமாகத் தெரிவதையும் விடாமல், அப்புறம் வெட்டுகள், அப்புறம் மிரட்டல்கள். விடை கிடைத்ததும் சொடுக்கிவிடாதீர்கள். எதிராளிக்கு இருக்கும் எல்லாப் பதில்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உங்கள் பதிலை எழுதிய பிறகுதான் விடையைப் பாருங்கள். திறன்பேசியில் வேகமாகத் தட்டிப் பழகியவர்களுக்கு இது சித்திரவதை. ஊகித்துத் தட்டினால் சரியாக வந்துவிடும் புதிர்கள்தான் உங்களை மூன்றாவது நகர்த்தலில் கைவிடுகின்றன. முடித்த புதிர்களையே ஒரு மாதம் கழித்து மறுபடி போடுங்கள். பழசு அலுக்கும். அலுக்கட்டும், அலுத்துப்போன வடிவம்தான் ஆட்டத்தில் கண்ணில் படும்.

முதல் பயிற்சியாக இதையே வைத்துக்கொள்ளுங்கள். லாஸ்கர் ஆட்டத்தில் ராஜா ஜி5க்கு வந்து நிற்கும் இடத்துக்குப் பலகையைக் கொண்டுவாருங்கள். லாஸ்கர் எச்4 ஆடினார். அங்கே இன்னும் குறுகிய மேட் ஒன்று இருக்கிறது. மேலே படிப்பதற்கு முன் தேடிப் பாருங்கள்.

விடை எஃப்4, செக். ராஜாவுக்கு இரண்டு வழிகள். சிப்பாயை வெட்டினால் ஜி3 செக். அப்புறம் ராஜா எஃப்3 போனால் ராஜா பக்கம் கோட்டை கட்டி மேட், ஜி5 திரும்பினால் எச்4 மேட். வெட்டாமல் எச்4க்குப் போனால் ஜி3 செக், ராஜா எச்3. பிஷப் எஃப்1 செக், கறுப்பு பிஷப் ஜி2இல் குறுக்கே வருகிறது. குதிரை எஃப்2 மேட். லாஸ்கரின் வழியைவிட ஒரு நகர்த்தலாவது குறைவு, ஆனால் நடுவே இரண்டு கிளைகள் பிரிகின்றன. அவர் ஆடியதில் ஒரு கிளையும் இல்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, ராணியையும் கொடுத்துவிட்டு நிற்கும்போது, நானும் எச்4தான் ஆடுவேன்.